பரப்பு வனையும் கலை: செங்கோட்டைக் கணவாயின் காற்றாலை இறக்கையை முன்வைத்து

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து தமிழகத்துள் நுழையும் வாயில்கள் சிலவே. அவற்றுள் ஒன்று நம் செங்கோட்டைக் கணவாய். ஆனியிலும் ஆடியிலும் இக்கணவாய் வழியே வரும் காற்று குற்றாலத்திற்குச் சாரலை நல்குகிறது. ஈரத்தின் பெரும்பகுதியை மலையிலேயே இறக்கிவைத்துவிட்டுத் தென்காசி, ஆய்க்குடி, சுரண்டை வெளிகளை நோக்கி விரைகிறது. பாலக்காடு, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களோடு இதுவும் சேர்ந்தே தமிழகத்தைக் காற்று மின்சாரத்தில் முன்னணி மாநிலமாக ஆக்கியது. 1986ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அரசின் மாதிரிக் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

தொலைவில் நின்று நோக்குவார்க்கு இறக்கை ஒரு வெள்ளைப் பலகையாகவே தோன்றும். நீண்ட ஊர்தியில் ஏற்றிச் செல்லப்படும்போது அருகில் நின்று பார்த்தால்தான் அதன் உண்மை வடிவம் விளங்கும். அடிப்பகுதி முழு வட்டம். சற்றுத் தள்ளி ஒரு பக்கம் புடைத்து மறு பக்கம் ஒடுங்குகிறது. பின்னர் மீன் உடல்போல் முன்புறம் பருத்தும் பின்புறம் கூர்ந்தும் நீள்கிறது. போகப் போக மெலிந்து, மெல்ல முறுக்கேறி, நுனியில் முடிகிறது. சமதளம் என்று கைவைக்க அதில் ஓரிடமும் இல்லை. வீட்டுக்கு வரைபடம் வரைவோர் மேலிருந்து ஒன்றும் முன்னிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாக வரைந்துவிடுவர். விளிம்போ மூலையோ இல்லாத இவ்விறக்கையை எப்படி வரைவது?

இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே ‘சர்ஃபேஸ் மாடலிங்’ எனப்படும் நுட்பம். அதனைப் பரப்பு வனைதல் என்று நாம் வழங்கலாம். குயவர் மட்கலம் செய்வதை வனைதல் என்பது நம் வழக்கு; மண் இல்லை என்பதைத் தவிர இங்கு நிகழ்வதும் அதுவே. இறக்கையை வடிவமைப்பவர் அதன் முழு மேனியையும் புள்ளி புள்ளியாகக் கணிப்பொறிக்குச் சொல்வதில்லை. சில இடங்களின் வெட்டுமுகங்களை மட்டுமே தருகிறார். இடைப்பட்டதைக் கணிப்பொறி நிரப்புகிறது. அந்த இடைவெளி எவ்வாறு நிரம்ப வேண்டும் என்பதை அறியாதவர்க்குக் கணிப்பொறி ஏதோ ஒரு பரப்பைக் கொடுத்துவிடும். அது திரையில் அழகாகவும் இருக்கும். காற்றில்தான் அதன் குறை தெரியவரும்.

முறுக்கு ஏன்?

இறக்கையின் நீளம் 30 மீட்டர் எனவும், அது நிமிடத்திற்கு 18 சுற்றுச் சுழல்கிறது எனவும், எதிர்வரும் காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் எனவும் கொள்வோம். நுனி நொடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர் விரைகிறது; மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். நடுவிலிருந்து 5 மீட்டர் தொலைவில் உள்ள பகுதியோ நொடிக்கு ஒன்பதரை மீட்டர்தான் நகர்கிறது. ஓடும் பேருந்தில் இருப்பவர்க்கு நேராகப் பெய்யும் மழையும் சாய்ந்து வருவதுபோல, இறக்கையின் ஒவ்வொரு பகுதிக்கும் காற்று வேறு வேறு சாய்வில் வந்து படுகிறது. நுனியில் அச்சாய்வு சுழற்சித் தளத்திலிருந்து சுமார் 10 பாகை. 5 மீட்டர் தொலைவில் சுமார் 47 பாகை. காற்று எங்கும் ஏற்ற கோணத்தில் படவேண்டுமாயின் இறக்கை அடியிலிருந்து நுனிவரை திருகிக்கொண்டே செல்லவேண்டும். சுழலும் இறக்கைகளே காற்றைச் சற்றுத் தணித்துவிடுவதாலும், அச்சில் ஊற்றி எடுக்கும் வசதிக்காகவும், நடைமுறையில் இவ்வளவு முழுமையாக முறுக்குவதில்லை. ஆயினும் முறுக்கு உண்டு. அம்முறுக்கே வரைபவர்க்குத் தலைவலி.

வனையும் வழிகள்

கணிப்பொறியில் ஒரு பொருளை மூவகையாகக் காட்டலாம். கம்பிக்கூடுபோல் விளிம்புகளை மட்டும் வரைவது ஒன்று. உள்ளீடுள்ள திண்மமாகக் கொள்வது மற்றொன்று. தடிப்பே இல்லாத தோலாக மேனியை மட்டும் வரைவது மூன்றாவது, அதுவே பரப்பு.

பரப்பைப் பெறும் எளிய வழிகள் நம் அடுக்களையிலேயே உள்ளன. குயவர் சக்கரத்தில் பானையின் பக்கக் கோடு ஒன்று அச்சைச் சுற்றி வருவதால் பானை பிறக்கிறது. கணிப்பொறியில் இது சுழற்பரப்பு. முறுக்கு உரலில் அச்சின் துளை எவ்வடிவமோ அவ்வடிவிலேயே மாவு நீண்டு வருகிறது, இது இழுபரப்பு. இரு கோல்களை எதிரெதிரே பிடித்து இடையே நூல்களை நேராகக் கட்டினால் வருவது கோட்டுப்பரப்பு. ஒரு கோலைச் சற்றுத் திருப்பினால், நேர் நூல்களாலேயே வளைந்த பரப்பொன்று தோன்றுவதைக் கண்ணாரக் காணலாம். காற்றாலை இறக்கைக்கு இம்மூன்றும் போதா. அதற்கு வேண்டுவது ‘லாஃப்ட்’: வேறு வேறு வடிவுள்ள வெட்டுமுகங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் ஒரே தோலைப் போர்த்தும் முறை.

‘லாஃப்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் பரண் என்பதே. மேனாட்டுக் கப்பல் கட்டும் துறைகளில் பரண்போன்ற அகன்ற மேல்தளம் ஒன்று இருக்கும். அதன் தரையில் கப்பலின் விலாச்சட்டங்களை முழு அளவில் வரைவர். குறித்த புள்ளிகளின் வழியே நெகிழும் மரச்சட்டத்தை வளைத்து, ஈயக் குண்டுகளை வைத்து நிறுத்துவர். அச்சட்டம் தன் இயல்பில் எவ்வாறு வளைகிறதோ அதுவே கப்பலின் கோடு. அச்சட்டத்தின் பெயர்தான் ‘ஸ்ப்ளைன்’. இன்று கணிதநூலில் உள்ள பெயரும் அதுவே. நம் கடற்கரைக்கும் இக்கலை புதிதன்று. பாக் நீரிணைக் கரையில் கட்டப்பட்டுவந்த வத்தை என்னும் படகுகளில், பலகையில் கீறிவைத்த வரைவிலிருந்தே அடுத்தடுத்த விலாச்சட்டங்களின் வடிவைத் தச்சர்கள் பெற்றுவந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். தாளில் முழுப் படம் இல்லை. சட்டங்களுக்கு இடைப்பட்ட வளைவைப் பலகையே தந்தது.

மூன்று புள்ளியும் ஒரு வளைவும்

ஈயக் குண்டுகளின் வேலையைக் கணக்கால் செய்யும் வழியைக் கண்டவர்கள் பிரான்சு நாட்டுச் சிற்றுந்துத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த இருவர். சித்ரோவன் நிறுவனத்தின் பால் தெ காஸ்தெல்ஜோ 1959இலேயே அதனைக் கண்டார். நிறுவனமோ அதனைத் தொழில் இரகசியமாக மறைத்துக்கொண்டது. ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியே 1960களில் தனி வழியில் அதே முடிவை அடைந்து, வெளியிட்டும் விட்டார். ஆகவே வளைவுக்குப் பெசியேயின் பெயரே நிலைத்தது. மறைத்த அறிவுக்கு மறைத்தவர் பெயரும் கிட்டாமற்போவது அறிவியலில் புதுமையன்று.

முறை மிக எளிது. மாணவர்கள் தாளும் அளவுகோலும் கொண்டு இப்போதே செய்து பார்க்கலாம். அ, ஆ, இ என மூன்று புள்ளிகளை ஒரே நேர்கோட்டில் அமையாதவாறு இடுக. அ–ஆ கோட்டின் நடுப்புள்ளியைக் ‘க’ என்றும், ஆ–இ கோட்டின் நடுப்புள்ளியைச் ‘ச’ என்றும் குறிக்க. க–ச என்பவற்றை இணைத்து அக்கோட்டின் நடுப்புள்ளியைக் காண்க. அப்புள்ளி வளைவின்மேல் உள்ளது. க–ச கோடோ அவ்விடத்தில் வளைவின் தொடுகோடு. நடுப்புள்ளிக்கு மாறாகக் கால் பங்கில், முக்கால் பங்கில் என எங்கும் இதையே செய்தால் வளைவு முழுதும் கிடைத்துவிடும். வளைவு அ–விலும் இ–யிலும் தொட்டு முடிகிறது. ஆ–வைத் தொடுவதில்லை, அதை நோக்கி ஈர்க்கப்படுகிறது. ஆ–வை நகர்த்தினால் வளைவும் பின்தொடரும். அதனாலேயே இவற்றைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்கிறோம். தொழில்முறையில் பெரும்பாலும் நான்கு புள்ளிகளைக் கொள்வர்.

வளைவிலிருந்து பரப்புக்குச் செல்வதைக் கடையநல்லூர்த் தறிகளைக் கண்டவர்க்கு எளிதில் விளக்கலாம். நான்கு வளைவுகளைப் பாவு நூல்கள்போல் அடுத்தடுத்து நிறுத்துக. ஒவ்வொன்றிலும் ஒரே பங்கில் ஒரு புள்ளியை எடுத்தால் நான்கு புள்ளிகள் கிடைக்கும். அவற்றையே கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொண்டு குறுக்கே ஒரு வளைவு வரைந்தால் அது ஊடை. பங்கை மாற்றிக்கொண்டே போனால் ஊடை நகர்ந்து நகர்ந்து ஒரு துணியையே நெய்துவிடும். நான்கு நான்காகப் பதினாறு புள்ளிகளால் ஆளப்படும் இத்துணித்துண்டே பெசியே பட்டை. நூல்களில் இவ்விரு திசைகளை இரண்டு ஆங்கில எழுத்துகளால் குறிப்பர். பாவு, ஊடை என்னும் சொற்கள் நம்மிடம் இருக்க, நம் வகுப்பறைகளில் அவ்வெழுத்துகளை மட்டும் மனனம் செய்விப்பது ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை.

துணி என்னும் உவமை மேலும் உதவும். பரப்பில் ஒரு துளை வேண்டுமாயின் கணிப்பொறி அவ்விடத்தை மறைத்துக் காட்டுமேயன்றிப் பட்டையின் நெசவை மாற்றுவதில்லை. வெட்டை நீக்கினால் துணி முழுதாக மீண்டும் தோன்றும்.

பட்டையும் பட்டையும் சேரும் இடம்

ஒரே பட்டையால் முழு இறக்கையையும் போர்த்த இயலாது. பட்டைகள் சேருமிடத்தில்தான் வனைபவரின் தேர்ச்சி வெளிப்படும். சேர்க்கையில் மூன்று தரங்கள் உண்டு. இரு பட்டைகளின் விளிம்புகள் இடைவெளியின்றித் தொடுவது முதல் தரம். அங்கே கூரைமுகடுபோல் மடிப்பு இருக்கலாம். மடிப்பின்றி இரண்டும் ஒரே தொடுதளத்தைக் கொள்வது இரண்டாம் தரம். வளைவின் அளவும் ஒன்றாக இருப்பது மூன்றாம் தரம்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் தடவியும் அறிவது அரிது. கொல்லத்திற்கும் செங்கோட்டைக்கும் இடையே 1904இல் திறக்கப்பட்டு, 2018இல் அகலப்பாதையாக மீண்ட மலை இரயில் பாதையை எண்ணிப் பார்ப்போம். நேர்ப்பாதையோடு வட்ட வில்லை அப்படியே பொருத்தினால் மடிப்பு இல்லைதான்; ஆயினும் வளைவு சுழியிலிருந்து ஒரே கணத்தில் முழு அளவுக்குத் தாவுவதால் பெட்டி குலுங்கும். எனவே பொறியாளர்கள் இரண்டிற்கும் நடுவே வளைவு சிறிது சிறிதாக ஏறும் இடைவளைவு ஒன்றை அமைப்பர். இந்திய இரயில்வே இதற்குக் கொள்வது முப்படிப் பரவளையம். ஈயக் குண்டுகளுக்கிடையே மரச்சட்டம் மெல்ல வளையும்போது கொள்ளும் கோடும் முப்படியைச் சார்ந்ததே. தச்சரும் இரயில் பொறியாளரும் கணிப்பொறியும் ஒரே இடத்தில் வந்து சேர்வது வியப்புக்குரியது.

இறக்கையின்மேல் ஓடும் காற்றும் அந்த இரயில் பயணியைப் போன்றதே. வளைவு திடீரெனத் தாவும் இடத்தில் அழுத்தமும் தாவுகிறது. மேனியை ஒட்டிச் சீராக ஓடவேண்டிய மெல்லிய காற்றடுக்கு அங்கே கலங்கக்கூடும். கலங்கினால் தடை மிகும், விளைச்சல் குறையும். ஆகவேதான் கண்ணுக்கும் கைக்கும் புலப்படாத குறையைத் தேடிப்பிடிக்கவேண்டியுள்ளது. அதற்கொரு வழி நம் வீட்டுப் பித்தளைக் குடத்திலேயே உண்டு. துலக்கிய குடத்தைச் சன்னலருகே வைத்து, அதில் தெரியும் கம்பிகளின் நிழலைப் பார்க்க. சீரான இடத்தில் கம்பிகள் வழுக்கிச் செல்லும். அடிபட்டு நெளிந்த இடத்தில் ஒடியும். கணிப்பொறியிலும் பரப்பின்மேல் வரிக்குதிரை வரிகளைப் பிரதிபலிக்கச் செய்து பார்ப்பர். வரிகள் விட்டுப்போனால் சேர்க்கை முதல் தரம். தொடர்ந்தும் முனை மடிந்து சென்றால் இரண்டாம் தரம். மடியாது வழுக்கிச் சென்றால் மூன்றாம் தரம். சிற்றுந்துகளின் வெளிமேனியையும் இவ்வாறே சோதிக்கின்றனர்.

வட்டத்திலிருந்து மீனுக்கு

இறக்கையின் அடி வட்டமாக இருத்தல் வேண்டும் என்றோம்; தண்டோடு திருகாணிகளால் பிணைக்கப்படுவதும், காற்றின் வேகத்திற்கேற்பத் திரும்புவதும் அவ்விடமே. ஆனால் பெசியே வளைவால் வட்டத்தைத் துல்லியமாக வரைய இயலாது. மேலே கண்ட மூன்று புள்ளி முறையில் கால்வட்டம் வரைய முயன்றால் கிடைப்பது பரவளையம். ஒரு மீட்டர் ஆரத்திற்கு நடுவில் 6 சென்டிமீட்டர் பிழை. இதற்கு மாற்றாகப் புள்ளிகளுக்கு எடை கொடுத்தனர். நடுப்புள்ளியின் ஈர்ப்பை 1 என்பதற்கு மாறாக 0.7071 என்று குறைத்தால் பரவளையம் வழுவற்ற கால்வட்டமாகிவிடும். எடையுள்ள புள்ளிகளால், பல துண்டுகள் தொடர்ந்து இணைந்த வளைவாக இது வளர்ந்தபோது ‘நர்ப்ஸ்’ என்னும் பெயர் பெற்றது. இன்று கேட்டியா, ரைனோ முதலிய மென்பொருள்கள் பரப்புகளைப் பெரிதும் இவ்வடிவிலேயே கையாள்கின்றன.

வட்டத்தையும் மீன்வடிவையும் இணைக்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மீன்வடிவில் முன்மூக்கு எது, வால்முனை எது என்பது தெளிவு. வட்டத்திலோ மூக்கும் இல்லை, வாலும் இல்லை. வட்டத்தின் எப்புள்ளி மூக்கோடு இணையவேண்டும் என்பதை நாம் சொல்லாவிடில் கணிப்பொறி தனக்கு அகப்பட்ட புள்ளியை எடுத்துக்கொள்ளும். பரப்பு பிழிந்த ஈரத்துணிபோல் முறுகிவிடும். வேண்டிய முறுக்கு ஒன்று, வேண்டாத முறுக்கு மற்றொன்று.

பிழை வந்தவுடன் வெட்டுமுகங்களை மிகுத்துத் தருவது தொடக்க நிலையினர் இயல்பு. ஐந்து போதாதெனில் ஐம்பது என்பர். அது பயன் தருவதில்லை. ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் இருக்கும் மயிரிழைப் பிழையையும் பரப்பு நேர்மையாகப் பின்பற்றுவதால் மேனி முழுதும் அலையலையாகிவிடும். ஈயக் குண்டுகள் மிகுந்தால் மரச்சட்டம் நெளிவதுபோலத்தான். வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே தந்து, எஞ்சியதை வளைவின் இயல்புக்கு விடுபவரே தேர்ந்தவர் என்பது நம் கருத்து.

பத்தமடைப் பாயும் அச்சும்

திரையில் முடிந்த பரப்பைக் கொண்டு முதலில் அச்சு கடையப்படுகிறது. இறக்கையின் இரு பக்கங்களுக்கும் இரண்டு அச்சுகள். அவற்றில் கண்ணாடி இழைத் துணிகளை அடுக்கிப் பிசின் பாய்ச்சி இறுக்குவர். பின் இரு பாதிகளையும் ஒட்டுவர். துணியை அடுக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. பத்தமடைப் பாயைச் சுருட்டி உருளையாக்கலாம், கூம்பாகவும் ஆக்கலாம். ஒரு குடத்தின்மேல் மடிப்பின்றிப் போர்த்த முயன்றால் இயலாது. இரு திசையிலும் வளைந்த பரப்பை, நீட்டாமலும் சுருக்காமலும் சமதளமாக விரிக்க இயலாதென்பதை 1827இல் ஜெர்மானியக் கணித மேதை கவுஸ் நிறுவினார். வட்டம் மீனாக மாறும் இறக்கையின் தோள்பகுதி அத்தகையது. அங்கே துணி சுருங்கி மடிந்தால் அம்மடிப்பிலேயே விரிசல் தொடங்கக்கூடும். ஆகவே பரப்பை வனையும்போதே அதன்மேல் துணி எவ்வாறு படியும் என்பதையும் கணித்து, எங்கே வெட்டி ஒட்டவேண்டும் என்பதை முடிவு செய்கின்றனர்.

பழைய இறக்கைகள்

நம் வட்டாரத்தில் இன்று இக்கலைக்கு மிகுதியாக வேலை கொடுப்பவை புதிய இறக்கைகள் அல்ல, பழையவையே. 1990களில் நிறுவிய காற்றாலைகள் பல தமிழகத்தில் இன்னும் சுழல்கின்றன. அவற்றின் வடிவம் டென்மார்க் முதலிய நாடுகளில் வரையப்பட்டது. வரைந்த நிறுவனங்களும் அப்படியே இருக்கவில்லை: மைக்கான், நார்ட்டாங்க் என்பவை 1997இல் ஒன்றாயின, அந்நிறுவனம் 2004இல் வெஸ்டாசில் இணைந்தது. 2024இல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கை, பழைய காற்றாலைகளை மாற்றியமைக்கவும் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் வழி செய்கிறது. புதுப்பிப்பவர் கையில் இறக்கை இருக்கும். அதன் வரைபடம் இருக்கவேண்டும் என்பதில்லை.

சாரலும் மணலும் பூச்சியும் நொடிக்கு ஐம்பது அறுபது மீட்டர் வேகத்தில் மோதுவதால் முதலில் தேய்வது இறக்கையின் முன்மூக்கு. வளைவு மிகக் கூர்மையாக மாறுமிடமும், இரு பாதிகளும் ஒட்டப்பட்ட இடமும் அதுவே. அங்கே கண்டபடி பிசின் பூசி மேடாக்கினால் தேய்ந்த இறக்கையைவிடத் திருத்திய இறக்கை மோசமாக நடக்கவும் கூடும். எனவே தேயாத பகுதிகளை ஒளிக்கதிரால் அளந்து இலட்சக்கணக்கான புள்ளிகளைப் பெறுகின்றனர். அப்புள்ளிகளையே பரப்பாகக் கொண்டால் அழுக்கும் கீறலும்கூடப் பரப்பாகிவிடும். ஆதலால் அவற்றினூடே சில வெட்டுமுகங்களை மட்டும் தேர்ந்து, தேய்வதற்கு முன்னிருந்த வடிவை ஊகித்து, மீண்டும் தோலைப் போர்த்துகின்றனர். அப்பரப்பைக் குறிப்பிட்ட தொலைவுகளில் வெட்டி, மூக்கின் வடிவில் தகட்டு அச்சுகளைச் செய்துகொள்ளலாம். திருத்துபவர் கயிற்றில் தொங்கியபடி அத்தகட்டை மூக்கில் பொருத்திப் பார்ப்பார். தகட்டுக்கும் இறக்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரியுமிடத்தில் இன்னும் பூசவேண்டும். தகடு எழும்பி நிற்குமிடத்தில் தேய்க்கவேண்டும். ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை நெகிழும் நீண்ட சட்டம் ஒன்றை வளைத்துவைத்துச் சரிபார்க்க வேண்டும்.